குறிப்பு என்ற கடைசி வரி

அந்த ஆய்வகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாயில் புழங்கியது சல்லடை என்ற பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளிடம் ஒரு வாளிச் சேற்றையும் மூன்று சல்லடைகளையும் கொடுத்து, தண்ணீர் தெளியும்வரை அலசச் சொன்னார்கள். அலசி முடித்தவள் சாப்பிடக்கூடப் போகாமல், கடைசிச் சல்லடையில் மிஞ்சிய துகள்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, உள்ள புழு ஏதும் நெளியுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இல்ல சார். இதெல்லாம் யாரோ உக்காந்து செஞ்ச மாதிரி இருக்கு."

கேட்டவர் கல் வெட்டும் பிரிவில் இருந்தவர். அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பாறைத் துண்டைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. அதனால் அவருக்குப் பாலீஷ் என்று பெயர். தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே இல்லை. பின்னாளில் அலுவலகத்தில் விரல் வைக்கும் எந்திரம் வந்தபோது அது அவரை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. "நான் பொறக்கவே இல்லைன்னு சொல்லுதுங்க" என்று சிரித்துக்கொண்டே பேனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாராம். அதெல்லாம் பிறகு.

அவள் அன்று சல்லடையில் பார்த்தவை ஃபோராமினிஃபெரா. அலுவலகத்தில் சுருக்கமாக ஃபோரம் என்பார்கள். கடலில் வாழும் ஒற்றைச் செல் உயிர்கள். எள்ளைவிடச் சிறிய உடம்புக்கு அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். செத்த பிறகு ஓடு கடலடியில் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லோடு கல்லாகிவிடும். எந்த ஓடு எந்தக் கல்லில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் கல்லின் வயதைச் சொல்லிவிடலாம். ஆனால் உருவத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. சுருண்ட ஓடும் நீண்ட ஓடும் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது சுவர்.

சுவர் நான்கு வகை. மணலைப் பொறுக்கிப் பசைபோட்டு ஒட்டிய சுவர் ஒன்று. பீங்கான்போலப் பால் வெள்ளையாக, துளையே இல்லாமல் இருப்பது ஒன்று. கண்ணாடிபோலத் தெளிந்து, ஊசித் துளைகளோடு இருப்பது ஒன்று. நான்காவது, மிகப் பழைய கற்களில் மட்டும் கிடைப்பது: ஒரே அளவான நுண்ணிய சுண்ணாம்பு மணிகளை நெருக்கி அடுக்கிய சுவர். வெளியிலிருந்து பார்த்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்கும். மெல்லியதாக வெட்டி ஒளியில் வைத்தால் இருண்டு தெரியும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவளும் அவரும் பந்தயம் கட்டிக் கற்றுக்கொண்டார்கள். அவள் நுண்ணோக்கியில் ஓட்டை வெளியிலிருந்து பார்த்து, "பீங்கான்" என்பாள். அவர் அதை வெட்டித் தேய்த்து, "கண்ணாடி" என்று கொண்டு வந்து வைப்பார். தோற்றவர் தேநீர் வாங்கி வர வேண்டும். முதல் வருடம் முழுக்க அவள்தான் படியிறங்கிப் போய்வந்தாள். மூன்றாம் வருடம் அவர் கால் தேய்ந்தது. அதற்குப் பிறகு யார் தோற்றாலும் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

அப்படிப் பதினோரு வருடம். ஒருநாள் மதியம், அலசும் தொட்டிக்குப் பக்கத்தில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் கேட்டார்: "எங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன். வரட்டுமா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே முகம் சூடாகிவிட்டது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்புதான் அவளுடைய அப்பா குளியலறையில் விழுந்திருந்தார். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. அம்மா இல்லாத வீடு. தம்பி கல்லூரியில் இருந்தான்.

"இப்ப எப்படிங்க?" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் குழாயை மூடினார். 

மூன்று மாதத்தில் வெட்டும் பிரிவை எந்திரங்களோடு சேர்த்து வேறு ஊரிலிருந்த கிளைக்கு மாற்றினார்கள். ரயிலில் எட்டு மணி நேரம். அவர் கிளம்பிய நேரம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம். அவள் நிலையத்துக்குப் போகவில்லை.

அதன் பிறகு கற்கள்தான் போய்வந்தன. வெளிப்பார்வையில் பிடிபடாத ஓடுகளை அவள் பெட்டியில் அடுக்கி அனுப்புவாள். அவர் வெட்டித் தேய்த்துத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு. எண், அடுக்கு, சுவர், கடைசியாகக் குறிப்பு. அந்தக் குறிப்பு என்ற ஒற்றை வரியில்தான் இருவரும் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தார்கள் என்றால் அது கூட்டிச் சொல்வதல்ல.

"குறிப்பு: வலது ஓரம் தேய்க்கும்போது உடைந்தது, மன்னிக்கவும். இங்கே மூன்று நாளாக மழை."

"குறிப்பு: கிடைத்தது. இங்கே வெயில் கொளுத்துகிறது. கொஞ்சம் அனுப்பினால் நல்லது."

தொலைபேசி இல்லாமல் இல்லை. பேசியும் பார்த்தார்கள். "சொல்லுங்க" என்பாள். "நீங்க சொல்லுங்க" என்பார். கல்லின் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். சீட்டில் வந்த பேச்சு வாயில் வரவில்லை.

சீட்டுகள் எல்லாம் அலுவலக ஆவணங்கள். கல்லோடு சேர்த்து இழுப்பறையில் போட வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர் ஒரு சீட்டை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "இந்தக் கல்லுக்கும் தலைவலிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வெட்டினவருக்குத் தலைவலி சார். வெட்டு கோணலா இருந்தா காரணம் தெரியணும்ல?"

அவர் சரி என்று ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதை அடுத்த சீட்டில் எழுதினாள்.

ஆறாம் வருடம் அப்பா இறந்தார். "குறிப்பு: அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டார். இனி வீட்டில் தம்பியும் நானும்தான்." இரண்டாவது வாக்கியத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பெட்டியை மூடாமல் வைத்திருந்தாள். பிறகு எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. "குறிப்பு: வருந்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பெட்டி அவசரமில்லை."

அவ்வளவுதான். அதற்கடுத்த பெட்டியைப் பிரிக்கும்போது அவள் கை கொஞ்சம் அவசரப்பட்டது. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். இரண்டிலும் கல்தான் இருந்தது. ஒரு மனிதர் ஒருமுறை கேட்டார், இல்லையென்று ஆகிவிட்டது, மறுபடி ஏன் கேட்கப்போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. தம்பி மனைவி வாயாடி, ஆனால் மனசு சுத்தம். "அண்ணி, அந்தக் கல்லுக்காரர் இன்னும் தனியாத்தான் இருக்காராமே? ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்குற முத்தா கொட்டிடும்?" என்பாள். "போய் உன் வேலையப் பாரு" என்பாள் இவள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஐம்பத்தாறாம் வயதில்தான் எழுபத்தொன்றாம் இழுப்பறை அவள் மேசைக்கு வந்தது. பட்டியலைக் கணினியில் ஏற்றுகிற வேலை. உள்ளே நூற்றுக்கணக்கான சுருண்ட ஓடுகள், மேலே 'மணல் ஒட்டுச் சுவர்' என்று பழுத்துப்போன அட்டை. சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்தபோது மிஞ்சியவை. சுண்ணாம்பு ஓடாக இருந்தால் கல்லோடு சேர்ந்து கரைந்திருக்கும், கரையவில்லை, ஆகவே மணல் என்று எப்போதோ ஒருவர் முடிவுகட்டியிருந்தார்.

அவள் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தாள். இன்னொன்றை வைத்தாள். மாலைக்குள் அறுபது பார்த்தாள். சுவரில் இருந்த மணிகள் எல்லாம் ஒரே அளவு. மணல் பொறுக்குகிற உயிர் பெரிசும் சின்னதுமாகத்தான் சேர்க்கும். அளவு பார்த்துப் பொறுக்குகிறவையும் உண்டு, ஆனால் அவற்றில் மணிகளுக்கு நடுவே பசை தெரியும். இங்கே பசையே இல்லை.

மறுநாள் அதிகாரியிடம் போனாள். அதிகாரி அவளைவிட இருபது வயது இளையவர்.

"மேடம், இது மணல் இல்லைன்னு தோணுது. பழைய கூட்டம், மணி அடுக்கின சுவர்."

"அமிலத்துல கரையலையே அக்கா?"

"கல்லுக்குள்ள ஊறுன தண்ணி சுண்ணாம்பை எடுத்துட்டு அந்த எடத்துல சிலிக்காவை வெச்சுட்டுப் போயிருந்தா? அப்பக் கரையாதுல்ல?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அப்படின்னா அந்தக் கல்லோட வயசே மாறிடும். வரைபடத்தையே திருத்தணும். எப்படி நிரூபிப்பீங்க?"

"அமிலத்துல போடாத கல்லு கிடங்குல இருக்கு. அதை அப்படியே வெட்டிப் பாக்கணும். எங்கயாவது ஒரு ஓடு பாதி மாறி, பாதி மாறாம நின்னிருக்கும்."

ஒன்பது துண்டுகளை அனுப்பினாள். குறிப்பில், "இது எனக்கு முக்கியம்" என்று எழுதினாள். அப்படி அவள் எழுதியதே இல்லை.

மூன்று வாரத்தில் பெட்டி திரும்பி வந்தது. சில்லுகளில் அச்சடித்த ஒட்டுத்தாள். சீட்டு இல்லை. வெட்டு எல்லாம் ஓட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிருந்தது. ஒன்றில்கூட நடு அறை வழியாகப் போகவில்லை. அவள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். பஞ்சுதான் விழுந்தது.

கிளைக்குத் தொலைபேசி செய்தாள். எடுத்தவர் புதியவர். "அவரா? விருப்ப ஓய்வு வாங்கிட்டாரே, ரெண்டு மாசம் ஆச்சு. கை நடுங்குதுங்க அவருக்கு, நடுக்குவாதமாம். உங்களுக்குத் தெரியாதா?"

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் பழைய இழுப்பறைகளைத் திறந்தாள். சீட்டுகளை வருட வரிசையில் மேசைமேல் பரப்பினாள். மூன்று வருடமாக அவருடைய எழுத்து சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. கடைசிச் சீட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் அவள் பார்த்திருக்கிறாள், படித்திருக்கிறாள், திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். தூசியைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டின் சுவரைப் பிரித்துப் பார்க்கிற கண் இதைப் பார்க்கவில்லை.

விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தம்பி, "எதுக்குக்கா இப்படித் திடுதிப்புன்னு?" என்றான். அவன் மனைவி பெட்டியைக் கொண்டு வந்து வைத்து, "நீங்க சும்மா இருங்க" என்று அவனை அடக்கினாள். துணிக்கு நடுவே இவள் நான்கு கல் துண்டுகளைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

அவர் தன் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். கதவைத் திறந்த அக்கா இவளை ஏற இறங்கப் பார்த்தார். இவள் யாரென்று சொல்ல வாயெடுப்பதற்குள், "சல்லடையா? மேல போம்மா. வர்றதுக்கு வழி இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார்.

அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது, முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. வலக்கையை இடக்கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள். தானும் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து கல்லை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எழுத்து சின்னதாயிக்கிட்டே வந்துச்சு" என்றாள். "தாளை மிச்சம் பிடிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"டாக்டரும் முதல்ல அதைத்தான் கேட்டாரு, எழுத்து சுருங்குதான்னு. நான் எழுதுறதே ஒரு வரிதான் சார்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"குறிப்புல எடம் பத்தலை." சிரித்தார். முகம் பாதிதான் சிரித்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் அடைத்துவைத்த கோபம், வந்ததும் கண்ணில் தண்ணீராகிவிட்டது. "அப்பா போனதும் எழுதினேனே. தம்பியும் நானும்தான்னு எழுதினேனே. அதுக்கப்புறமும் நீங்க கேக்கலை."

"நீங்க 'இப்ப எப்படி'ன்னு சொன்னீங்க. அந்த 'இப்ப' எப்ப முடியும்னு நீங்கதானே சொல்லணும்? அப்பா போன துக்கத்துல இருக்குறவங்ககிட்டப் போய் எப்படிக் கேக்குறது? கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். கொஞ்ச நாள், கொஞ்ச நாள்னு…"

"நானா வந்து கேக்கணும்னா இருந்தீங்க?"

"இப்ப வந்திருக்கீங்கல்ல."

கீழிருந்து அக்கா தேநீர் கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இருவரும் கிளை ஆய்வகத்துக்குப் போனார்கள். அவருக்குப் பின் வந்தவர் நல்ல மனிதர். "எந்த ஓட்டைக் குறி வெச்சு வெட்டணும்னு எனக்குச் சொல்ல ஆளில்லைங்க" என்று வெளிப்படையாகச் சொல்லி, எந்திரத்தை விட்டுக் கொடுத்தார். அவள் கல்லின் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்துக் குறி வைத்தாள். அவர் ஒரு முக்காலியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெட்டி ஒட்டியாயிற்று. கண்ணாடித் தட்டில் தேய்ப்புப் பொடியைக் குழைத்து அவள் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அழுத்தாதீங்க. கல்லோட எடையே போதும்."

முதல் சில்லு தேய்ந்தே காணாமல் போயிற்று. இரண்டாவது கோணலாகி, ஒருபக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் கண்ணாடியாகவும் நின்றது. மூன்றாவதில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் மாறிடுச்சு. பொடியை மாத்துங்க." சிறிது நேரம் கழித்து, "போதும். எடுங்க."

அவள் அதை நுண்ணோக்கியில் வைத்தாள். ஓட்டின் நடு அறை வழியாக வெட்டு சரியாகப் போயிருந்தது. சுருளின் ஒரு பாதியில் சுவர் இருண்டு, ஒரே அளவு மணிகள் தோளோடு தோள் நெருங்கி நின்றன. மறுபாதியில் அதே சுவர் வெளுத்து, சிலிக்காவாகியிருந்தது. மாறிய இடமும் மாறாத இடமும் சந்திக்கிற கோடுகூடத் தெரிந்தது.

அவள் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள். அவர் தலையும் லேசாக ஆடியதால் கண் கண்ணாடியில் நிலைக்கவில்லை. அவள் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மணி அடுக்கின சுவர். நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார்.

அவள் கையை உடனே எடுக்கவில்லை.

அதிகாரி அறிக்கை எழுதினார். அட்டை மாறியது, கல்லின் வயது மாறியது. அவள் மீதியிருந்த நான்கு வருடப் பணியைக் கிளையில் முடிக்க மாற்றல் கேட்டாள். முதல்முறை மறுத்தார்கள், அதிகாரி தலையிட்ட பிறகு கிடைத்தது. அவருடைய அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்தாள். தம்பி முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான், பிறகு அவனே வந்து மின்விசிறி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கல்யாணம் என்ற பேச்சை அவள் எடுத்தபோது அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "என்னைப் பாத்துக்க வந்த மாதிரி ஆயிடும். உங்க அப்பாவுக்குச் செஞ்சது பத்தாதா?" அவள் வற்புறுத்தவில்லை. வேலை முடிந்ததும் போய் அவரோடு பூங்காவரை நடப்பாள். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவாள்.

அங்கே ஒருநாள் புதிதாகக் கோப்பு எழுதிய நர்ஸ், அவளை நிமிர்ந்து பார்த்து, "கூட வந்தவங்க நீங்க யாரு இவருக்கு?" என்று கேட்டார்.

"கூட வேலை பாத்தவ…" என்று அவள் இழுத்தாள்.

"எங்க வீட்லன்னு எழுதிக்கோங்க" என்றார் அவர்.

நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவளுக்குக் காது மடல்வரை சூடேறிற்று. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் வாய் வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்காமலே எழுதச் சொல்லிட்டீங்க?"

"கேட்டா இன்னொரு இருபது வருஷம் ஆகும்."

அடுத்த மாதம் பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய அக்காவும் இவள் தம்பியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இப்போது பகலில் நோய் கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரங்களில், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, அவர் நன்றாகப் பேசுவார். அவள் எதிரே உட்கார்ந்து கேட்பாள். அவளுக்கு வேண்டியது தான் பார்க்காத அந்த வருடங்கள். எந்தத் தெருவில் குடியிருந்தார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், சட்டையை யார் தேய்த்தார்கள், மழை நாளில் அலுவலகத்துக்கு எப்படிப் போனார்.

"இந்த ஊருக்கு வந்த ரெண்டாம் வருஷம். ஒரு புதன்கிழமைன்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"அன்னிக்கு ஒண்ணும் நடக்கலையே."

"ஒண்ணும் நடக்காததையே சொல்லுங்க" என்று அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.